ஹைட்ராலிக் டேப்பட் எவ்வளவு காலம் உழைக்கும்? மலைப்பாதையிலேயே ஓடிய டீசல் கார், 1,32,000 கி.மீ.

கோத்தகிரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று பெயர்களிலும் ஓடிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய சிறிய கார் ஒன்றை 2013 முதல் வைத்திருக்கிறேன். மீட்டரில் இப்போது 1,32,000 கி.மீ. காட்டுகிறது. இதில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை ஆகிய ஊர்களுக்குப் போய்த் திரும்பிய ஓட்டம். மிச்சம், கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்வருவது. சமவெளியில் நெடுந்தூரம் ஓடியது மிகவும் குறைவு.

கடந்த குளிர்காலத்திலிருந்து, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் மேல்பகுதியில் 'டிக் டிக்' என்று மெல்லிய இரும்புச் சத்தம் வருகிறது. ஐந்தாறு நொடிகளில் அடங்கிவிடும் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அண்மையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் வீட்டு வாசலில் ஐடிலிங்கில் நிற்கும்போது அதே சத்தம் மறுபடியும் கேட்கிறது. ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்தால் மறைந்துவிடுகிறது. ஆயில் விளக்கு எரியவில்லை, இழுவை குறையவில்லை, புகையும் இல்லை.

பட்டறையில் காட்டியபோது, டேப்பட்டுக்கு (வால்வை இயக்கும் அமைப்பில் விழும் இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் அடைக்கும் சிறு உருளை) ஆயுசு ஒரு லட்சம் கி.மீ.தான், வால்வுக்கு ஒன்றாக உள்ள பதினாறையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். வேறொரு இடத்தில், கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்றார்கள். வண்டியின் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆயில், ஃபில்டர், பெல்ட், கூலன்ட் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் கணக்கு இருக்கிறது, டேப்பட்டுக்கு மட்டும் எதுவுமே இல்லை. உண்மையில் அதற்கு ஒரு கெடு உண்டா? மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது? பாகங்களின் விலையைவிடப் பிரித்துக் கோக்கும் கூலிதான் அதிகம் என்பதால் தெரிந்துகொண்டு செலவு செய்ய விரும்புகிறேன்.

குன்னூர் பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. கையேட்டில் கெடு இல்லாததற்குக் காரணம், அதற்குக் கெடு இல்லை என்பதே. எஞ்சினோடு பிறந்து எஞ்சினோடு போக வேண்டிய பாகமாகத்தான் அதை வடிவமைக்கிறார்கள். சுத்தமான ஆயில் தவறாமல் கிடைத்த வண்டிகளில் இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் கி.மீ. தாண்டியும் முதல் டேப்பட்டே சத்தமில்லாமல் உழைப்பதைப் பார்க்கலாம். ஆயிலைக் கவனிக்காத வண்டியில் எண்பதாயிரத்திலேயே தட்டத் தொடங்கிவிடும். ஒரு லட்சம் என்ற கணக்கு பல வண்டிகளின் அனுபவத்திலிருந்து வந்த தோராயமே ஒழிய, அந்த எண்ணைக் கடந்தவுடன் கழற்றிப் போட வேண்டும் என்பதல்ல.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சத்தத்தைப் படிக்க எளிதாக இருக்கும். உங்கள் எஞ்சினில் கேம் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள சுழல்தண்டு) நேராக டேப்பட்டை அழுத்துவதில்லை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் உள்ள குழியில் டேப்பட் அசையாமல் நிற்கிறது; விரல் நீளமுள்ள ராக்கரின் ஒரு முனை அதன் தலையிலும் மறுமுனை வால்வின் தண்டிலும் உட்கார்ந்திருக்க, நடுவிலுள்ள ரோலரை கேம் அழுத்துகிறது. டேப்பட்டுக்குள் ஒரு பிளஞ்சர், அதன் அடியில் ஒரு சிறிய ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு, இவ்வளவுதான். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை அடைக்கும், அந்த இடத்தில் ஆயில் வந்து நிரம்பும். கேம் அழுத்தியதும் குண்டு வழியை மூடிவிட, உள்ளே சிக்கிய ஆயில் சுருங்க மறுத்து இரும்பைப் போல நிற்கும். பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடையே சில மைக்ரான் அளவே இடைவெளி விட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதன் வழியே துளியூண்டு ஆயில் கசிவது வடிவமைப்பிலேயே உள்ளது. அந்தக் கசிவு அளவுக்கு மீறினால், அல்லது நிரம்ப வேண்டிய ஆயில் நேரத்துக்கு வராவிட்டால், இடைவெளி விழுந்து ராக்கர் தட்டுகிறது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு ஒழுகினால் காலையில் குழாயில் தண்ணீர் நிற்காததைப் போன்ற கதைதான்.

ஆகவே உங்கள் காலைச் சத்தத்தையும் சூட்டுச் சத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை அணைக்கும்போது ஏதாவது சில வால்வுகள் திறந்த நிலையில் நின்றுபோகும். அந்த வால்வுகளின் ஸ்பிரிங் இரவு முழுவதும் டேப்பட்டை அழுத்திக்கொண்டே இருப்பதால் உள்ளிருக்கும் ஆயில் வடிந்துவிடுகிறது. காலையில் ஆயில் ஏறும் வரை அவை தட்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நம் ஊர்க் குளிரில் ஆயில் தடித்திருப்பதால் மேலே ஏற இன்னும் சில நொடிகள் ஆகும். இது நோயல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எஞ்சின் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நிலையில் நிற்பதால், இயல்பான வடிதல் என்றால் சத்தம் ஒருநாள் ஒரு சிலிண்டரிலும் மறுநாள் வேறொன்றிலும் வர வேண்டும், சில நாள் வராமலே இருக்க வேண்டும். எந்நாளும் ஒரே இடத்தில் தட்டினால் அங்குள்ள டேப்பட்டின் குண்டு வால்வு சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

சூடான பிறகு ஐடிலிங்கில் வருவதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், ஐடிலிங்கில் பம்பின் அழுத்தம் குறைவாக இருக்கும். இரண்டும் சேரும் நேரத்தில்தான் தேய்ந்த டேப்பட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தேய்ந்த ஆயில் பம்பும், தேய்ந்த பேரிங்கும், தரம் கெட்ட ஆயிலும் அதே நேரத்தில்தான் அதே சத்தத்தைத் தரும். டேப்பட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆயில் அழுத்தத்தை அளக்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள விளக்கை நம்பாதீர்கள். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான் அது எரியும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் முள் உள்ள கேஜைப் பொருத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போது ஐடிலிங்கிலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலும் அளந்து பட்டறைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பதினாறையும் மாற்றச் சொன்னால் அந்தப் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கிலோமீட்டர் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலை வண்டிக்கு மீட்டர் பாதி உண்மையைத்தான் சொல்லும். சமவெளியில் ஐந்தாம் கியரில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று சுற்றினால், ஒரு கிலோமீட்டருக்கு 1,500 சுற்று ஆகிறது. அதே 2,000 சுற்றில் தாழ்ந்த கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஏறினால் ஒரு கிலோமீட்டருக்கு 4,000 சுற்று. டேப்பட் எண்ணுவது கேமின் சுற்றைத்தான், சாலையின் நீளத்தை அல்ல. சராசரி 25 கி.மீ. வேகத்தில் ஓடிய 1,32,000 கி.மீ. என்பது ஐயாயிரம் மணி நேரத்துக்கும் மேல். திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வரும் வண்டி அதே நேரத்தில் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓடியிருக்கும். இத்துடன் உங்கள் கடைத்தெரு ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துவிடுவதால் உள்ளே படியும் ஈரம் ஆவியாக வெளியேறுவதில்லை; அது ஆயிலோடு கலந்து கசடாக மாறி, முதலில் அடைப்பது டேப்பட்டின் நுண்ணிய வழிகளைத்தான். ஏற்றம் ஏறுவதைவிட இந்த இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் டேப்பட்டுக்குப் பெரிய பகை என்பது என் கருத்து.

மஞ்சூர்க்காரன் எழுதியது:

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் பலரும் செய்வது, பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் அரை லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்துவிட்டு, 20டபிள்யூ-50 என்ற தடித்த ஆயில் ஊற்றுவதுதான். சத்தம் அடங்கிவிடுகிறது. பணம் உள்ளவர்கள் பிரிக்கட்டும்.

குன்னூர் பட்டறை எழுதியது:

சத்தம் அடங்கும் என்பதை மறுக்கவில்லை, நண்பரே. எதனால் அடங்குகிறது என்பதுதான் கேள்வி. தடித்த ஆயில் தேய்ந்த இடைவெளி வழியே மெதுவாகக் கசிவதால் சூட்டில் தட்டுவது குறையும். அதே ஆயில் உதகைக் குளிரில் காலை ஐந்து மணிக்குக் கேமை எட்டிப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். அந்தச் சில நொடிகளில் டர்போவின் பேரிங்கும், கேமைச் சுழற்றும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வறண்டு ஓடும். இந்த எஞ்சினின் செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வதுதான். ஒரு சத்தத்தை மறைக்கப்போய் இன்னொன்றை வரவழைக்க வேண்டாம். கையேடு 5டபிள்யூ-30 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். கையேட்டின் அட்டவணையில் 5டபிள்யூ-40ம் அனுமதிக்கப்பட்டிருந்தால் வயதான எஞ்சினுக்கு அதைப் பயன்படுத்தலாம். முதல் எண்ணை உயர்த்தாதீர்கள், குளிரில் உதவுவது அதுதான்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, கூடாது. ஆயிலின் வழவழப்பைக் கெடுத்து, அந்த நிலையில் டர்போவைச் சுழலவிடுவது ஒரு தவறு. பல ஆண்டு படிந்த கசடை ஒரேயடியாகப் பெயர்த்து எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஸ்டிரெய்னரில் (சல்லடை) கொண்டுபோய் அடைப்பது இன்னொன்று. கசடு கரைய வேண்டுமென்றால் நல்ல ஆயிலிலேயே அதற்கான மருந்து இருக்கிறது. இரண்டு முறை பாதித் தூரத்திலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் மெதுவாக, பத்திரமாகக் கரையும். பிளஞ்சர் பிசின் படிந்து ஒட்டிக்கொண்டதால் வந்த சத்தமாக இருந்தால் இதிலேயே போய்விடும். உலோகம் தேய்ந்ததால் வந்தது என்றால் எதை ஊற்றினாலும் போகாது. இரண்டையும் பிரித்தறிய இதுவே மலிவான சோதனை.

லவ்டேல் புல்லட் எழுதியது:

கார் பற்றிய இழையில் இரண்டு சக்கரம் நுழைவதற்கு மன்னிக்கவும். காலைச் சத்தத்தைப் பற்றி மேலே சொன்னதை என் வண்டியிலும் பார்க்கிறேன். 2008க்குப் பிறகு படிப்படியாக வந்த யு.சி.இ. (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சின் புல்லட்களில் ஹைட்ராலிக் டேப்பட்தான். இரவு முழுவதும் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திய மறுநாள் காலையில் சில நொடி தட்டும்; சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினால் பெரும்பாலும் தட்டுவதில்லை. இதை வைத்துக்கொண்டு டேப்பட் போய்விட்டது என்று பயந்து பலர் பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

அதற்கு முந்தைய வார்ப்பிரும்பு எஞ்சினின் டேப்பட்டில் ஆயிலுக்கு வேலையே இல்லை, இடைவெளியைக் கையால் வைப்பதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் கேமின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் இரண்டு புஷ் ராட் தெரியும். இரு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. சுழலாவிட்டால் வால்வு முழுவதும் மூடாமல் கருகும், ஆடினால் தட்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். 2020இல் வந்த ஜே வரிசை எஞ்சினில் மறுபடியும் ஸ்குரூ வைத்துச் சரிசெய்யும் முறைக்கே திரும்பிவிட்டார்கள். ஹைட்ராலிக் என்றால் உயர்ந்தது, ஸ்குரூ என்றால் பழையது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கேத்தி ஜீப் எழுதியது:

கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பழைய டீசல் ஜீப் என்னுடையது. அதில் உள்ளது ஸ்குரூ வைத்த சாதாரண டேப்பட். ஹைட்ராலிக்கில் எனக்கு அனுபவம் இல்லை. என்றாலும் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தாழ்ந்த கியரைப் போட்டு எஞ்சினைக்கொண்டே வேகத்தைப் பிடித்து இறங்க வேண்டிய சாலை அது. வண்டி நெடுநேரம் மூக்கு குத்தி நிற்கும்போது சம்ப்பில் உள்ள ஆயில் முழுவதும் முன்பக்கம் போய்விடும். டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஆயிலோடு இறங்கினால், ஆயில் உறிஞ்சும் குழாய் காற்றையும் சேர்த்து இழுக்கும். என் ஜீப்பில் அது விளக்காக மினுக்கும். ஹைட்ராலிக் வண்டியில் டேப்பட் சத்தமாக வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்வி கேட்டவர் ஆயில் அளவைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்தாரா? நம் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம் என்பது வேறு விஷயம். பெட்ரோல் பங்க்கில்தான் நான் பார்ப்பது வழக்கம்.

குன்னூர் பட்டறை எழுதியது:

கேத்தி நண்பர் சொன்னது மிகச் சரி. காற்று கலந்த ஆயில் டேப்பட்டுக்குள் போனால், காற்று சுருங்கும் என்பதால், புத்தம் புதிய டேப்பட்டும் தட்டும். ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலும் இதே தொல்லைதான்: கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிடும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருப்பதைவிட, மலையில் ஓடும் வண்டிக்கு மேல்கோட்டை ஒட்டியே வைத்திருப்பது நல்லது, தாண்டக் கூடாது.

கோத்தகிரிவாசி எழுதியது:

விளக்கமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆயில் அளவு மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே சரியாகவே இருந்தது. வேறொரு பட்டறையில் கேஜ் பொருத்தி அளந்தார்கள். சூடான நிலையில் ஐடிலிங்கிலும் 2,000 சுற்றிலும் அழுத்தம் கையேட்டில் உள்ள அளவுக்குள்தான் இருக்கிறது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். காலைச் சத்தம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, சில நாட்களில் வருவதே இல்லை. சூட்டுச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீளமான ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை வால்வு கவரின் மேல் நகர்த்தி நகர்த்திக் கேட்டதில் மூன்றாவது சிலிண்டருக்கு மேலேதான் தெளிவாகக் கேட்கிறது.

இப்போது அந்தப் பட்டறையில், இது டேப்பட்டே அல்ல, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சத்தம் என்கிறார்கள். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? டேப்பட்தான் என்றால் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் மாற்றினால் போதுமா? இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?

குன்னூர் பட்டறை எழுதியது:

அழுத்தம் சரியாக இருப்பது நல்ல செய்தி. எஞ்சினின் கீழ்ப்பகுதியும் பம்பும் ஆரோக்கியமாக இருக்கின்றன, சந்தேகம் மேல்பகுதியோடு நின்றுவிட்டது என்று பொருள். காலைச் சத்தம் ஆயில் மாற்றியதில் குறைந்தது என்றால் பிசினும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

இன்ஜெக்டரா டேப்பட்டா என்பதைத் தாளத்தை வைத்துச் சொல்ல முடியாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. வால்வு ஒருமுறை திறக்கும், இன்ஜெக்டரும் ஒரு தடவைதான் வேலை செய்யும் (அதைச் சில சிறு பீய்ச்சல்களாகப் பிரித்தாலும் அவை அடுத்தடுத்தே வரும்). ஐடிலிங்கில் 800 சுற்று என்றால் இரண்டுமே நிமிடத்துக்கு 400 முறை, நொடிக்கு ஏழு முறை அளவில் ஒரே தாளத்தில்தான் தட்டும். பேரிங் சத்தம் மட்டும்தான் இதைவிட இரு மடங்கு வேகமாகவும் கனமாகவும் வரும்.

பிரித்தறியச் சரியான வழி, ஸ்கேனரை இணைத்து, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. மூன்றாவதை நிறுத்தும்போது சத்தமும் நின்றால் எரிபொருள் பக்கம். எஞ்சின் குலுங்கினாலும் டிக் டிக் மட்டும் மாறாமல் தொடர்ந்தால் வால்வுப் பக்கம். ஓடும் எஞ்சினில் டீசல் குழாயை யாரும் தளர்த்திப் பார்க்க வேண்டாம். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலும், இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தாலும் 'சக் சக்' என்று ஒரு சத்தம் வரும்; இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கருப்பாகப் படிந்திருக்கும், புகை நாற்றமும் வண்டிக்குள் வரும். அது இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் சத்தம் மறைகிறது என்று நீங்கள் முதலிலேயே எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சாய்வு டேப்பட் பக்கம்தான், ஆயில் அழுத்தம் ஏறியதும் அது நிரம்பிவிடுகிறது. ஆனாலும் ஸ்கேனர் சொல்லட்டும்.

ஓட்டலாமா என்றால், இந்த அளவுக்குச் சில மாதங்கள் ஓட்டலாம். சத்தம் ஐடிலிங்கைத் தாண்டி ஓட்டத்திலும் வரத் தொடங்கினால் ஓட்டக் கூடாது. இடைவெளி விழுந்த ராக்கர் ஒவ்வொரு முறையும் கேமின் மீதும் வால்வின் நுனியின் மீதும் சுத்தியல் அடி அடிக்கிறது. முழுவதும் அமுங்கிப்போன டேப்பட்டோடு இறக்கத்தில் எஞ்சினை உயர்ந்த சுற்றில் ஓடவிட்டால் ராக்கர் இடம் பெயர்ந்து விழவும் வாய்ப்புண்டு. அப்போது செலவு டேப்பட்டோடு நிற்காது. சத்தமே இல்லாத கோளாறும் ஒன்று உண்டு: பிளஞ்சர் நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் வால்வு முழுவதும் மூடாமல், ஐடிலிங் குலுங்கி, கம்ப்ரஷன் குறைந்து, கடைசியில் வால்வு கருகும். சத்தம் நின்றுவிட்டது என்று மகிழ்வதற்கு முன் எஞ்சின் குலுங்குகிறதா என்று பாருங்கள்.

ஒன்றா, நான்கா, பதினாறா? சமவெளியில் ஓடும், மேல்மூடியைத் திறந்தவுடன் டேப்பட்டை எடுத்துவிடக்கூடிய எஞ்சினாக இருந்தால் கெட்டதை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் எஞ்சினில் அதை எட்டுவதற்கு இன்ஜெக்டர்களைக் கழற்றி, டைமிங்கைப் பூட்டி, செயினைத் தளர்த்தி, இரண்டு கேமும் உட்கார்ந்திருக்கும் அந்த முழு மேல்கூட்டையும் தூக்க வேண்டும். ஹெட்டை இறக்க வேண்டியதில்லை என்றாலும் வேலை ஏறத்தாழ அவ்வளவு இருக்கிறது. பதினாறும் ஒரே ஆயிலைக் குடித்து ஒரே மணிக்கணக்கு உழைத்தவை. ஒன்று இன்று போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஆகவே திறந்தால் பதினாறையும் மாற்றுவதே கணக்குக்குச் சரி. முதலில் சொன்ன பட்டறையின் முடிவுக்கே நானும் வந்துவிட்டேன், வந்த வழிதான் வேறு. செயினும் அதன் கைடுகளும் எப்படியும் கையில் இருக்கும். இந்த ஓட்டத்துக்கு அவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இன்ஜெக்டர் வாஷர்களைப் பழையதையே போடவிடாதீர்கள்.

பிரிக்கும்போது கூட நின்று பார்க்க முடிந்தால் நில்லுங்கள். பதினாறு துளையிட்ட ஒரு பலகையிலோ அட்டைப்பெட்டியிலோ ராக்கரையும் டேப்பட்டையும் ஜோடி மாறாமல், வந்த வரிசையிலேயே நிற்க வைக்கச் சொல்லுங்கள். ராக்கர்களைப் புதிதாகப் போடப் போவதில்லை என்பதால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கே திரும்ப வேண்டும். அவற்றின் ரோலரை விரலால் சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பாகச் சுழன்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ அந்த ராக்கரை மாற்றியாக வேண்டும், ஏனென்றால் அதன் சத்தமும் இதே 'டிக் டிக்' தான். பழைய டேப்பட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஆயில் நிரம்பிய நல்ல டேப்பட் கல் போல நிற்கும். கெட்டது பஞ்சு போல அமுங்கும். மூன்றாவது சிலிண்டரில் இருந்ததையும் முதல் சிலிண்டரில் இருந்ததையும் இரண்டு கையில் வைத்து அழுத்தினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

லவ்டேல் புல்லட் எழுதியது:

பழைய வகை எஞ்சின்களில், டேப்பட்டை மாற்றினால் கேமையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்வார்களே, அது இங்கே பொருந்தாதா?

குன்னூர் பட்டறை எழுதியது:

பொருந்தாது. அம்பாசிடர் போன்ற எஞ்சின்களில் டேப்பட்டின் தட்டையான அடிப்பாகம் கேமின் மேல் நேரடியாக உரசும். இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை. அங்கே பழைய டேப்பட்டைப் புதிய கேமில் போட்டாலோ இடம் மாற்றிப் போட்டாலோ கேமின் மூக்கு தேய்ந்துபோகும், புதிதாகப் போட்டவுடன் பழக்குவதற்கென்று ஓட்டும் முறையும் உண்டு. இங்கே கேமைத் தொடுவது ரோலர். கேமின் முகத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளமோ உரிவோ இல்லையென்றால் அதையே தொடரலாம்.

கோத்தகிரிவாசி எழுதியது:

ஸ்கேனர் வைத்துப் பார்த்தாயிற்று. மூன்றாவது இன்ஜெக்டரை நிறுத்தினாலும் சத்தம் தொடர்கிறது. வாஷர் பக்கம் கருப்பு எதுவும் இல்லை. மே மாத சீசன் கூட்டம் கலைந்ததும் வேலையைக் கொடுக்கப் போகிறேன். புதிய டேப்பட் பொருத்திய பிறகு முதல் ஸ்டார்ட்டில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

குன்னூர் பட்டறை எழுதியது:

மிகவும் கவனிக்க வேண்டும். புதிய டேப்பட் பெரும்பாலும் ஆயில் நிரம்பி, பிளஞ்சர் முழுவதும் நீண்ட நிலையில்தான் வரும். கூட்டை மூடி இறுக்கியவுடன் அவை இயல்பைவிட உயரமாக நிற்பதால் சில வால்வுகள் சற்றுத் திறந்தே இருக்கும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடம் மிகக் குறைவு; அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொட்டால் இரண்டும் மோதும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கூடுதல் ஆயில் வடிந்து டேப்பட் தன் உயரத்துக்கு வருவதற்கு அரை மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். பிறகு கிராங்க் போல்ட்டில் சாக்கெட் வைத்துக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்த பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரப்படும் பட்டறை என்றால் அந்த அரை மணி நேரம் டீ குடிக்க நீங்களே கூப்பிட்டுக்கொண்டு போய்விடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடங்கள் எல்லா டேப்பட்டும் தட்டலாம், பயப்பட வேண்டாம். சூடேறிய பின்னும் அடங்காவிட்டால் ஒரு கால் மணி நேரம் 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். அந்த முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள். அதன்பின் கையேடு 10,000 கி.மீ. என்று சொன்னாலும், உங்கள் ஓட்டத்துக்கு 6,000 அல்லது 7,000இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கடைத்தெருவுக்குக் காரை எடுக்காமல் நடந்து போக முடியுமா என்றும் யோசியுங்கள்.